லேன்ஸ்பரோவை மையமாக வைத்து மூன்று நாள் சரளைச் சாலைப் பயணம்: முகட்டு வழியா, பள்ளத்தாக்கு வழியா?

சமநிலத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் கடைசி வாரத்தில் நாங்கள் மூவர் மினசோட்டாவின் தென்கிழக்கு மூலையில், ரூட் ஆறு ஓடும் பகுதியில், மூன்று நாள்கள் மிதிவண்டியில் சுற்றுவதாக இருக்கிறோம். லேன்ஸ்பரோவில் தங்கிக்கொண்டு ஒவ்வொரு நாளும் ஒரு திசையில் புறப்பட்டு, மாலைக்குள் அங்கேயே திரும்பிவிட வேண்டும் என்பது எண்ணம். தார்ச்சாலையைக் கூடியவரை தவிர்த்து, சரளைக்கல் பரப்பிய கிராமச் சாலைகளில் போவதையே விரும்புகிறோம்.

நாங்கள் மினியாபொலிஸுக்கு மேற்கே லூஸ் லைன் தடத்திலும், அதைச் சுற்றியுள்ள சரளைச் சாலைகளிலும் ஓட்டிப் பழகியவர்கள். அங்கே 60 மைல் என்பது எங்களுக்குச் சிரமமில்லை. எனவே நாளொன்றுக்கு 60 மைல் என்றே கணக்கிட்டிருந்தேன். ஆனால் வரைபடச் செயலியில் வழியை வரைந்து பார்த்தபோது, அது காட்டிய ஏற்றத்தின் அளவு என்னைச் சற்றுத் தயங்க வைத்துவிட்டது. மேலும், எங்களில் ஒருவர் மலைப்பாங்கான இடத்தில் மிதிவண்டி ஓட்டியதே இல்லை.

வண்டிகள் மூன்றும் 40 மில்லிமீட்டர் டயர் கொண்டவை. முன்பக்கப் பல்சக்கரத்தில் 40 பற்கள், பின்பக்கம் பெரிய பல்சக்கரத்தில் 42 பற்கள். இந்தப் பகுதியை நன்கு அறிந்தவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான்: ஆற்றோரமாகவே போவது நல்லதா, மேலே முகட்டுச் சாலைகளில் போவது நல்லதா? 60 மைல் என்பது அதிகமா? மிசிசிப்பியைக் கடந்து விஸ்கான்சின் பக்கமோ, தெற்கே அயோவா பக்கமோ ஒரு நாள் போவது பயனுள்ளதா?

முகடுவழி (மறுமொழி)

வணக்கம் நண்பரே. உங்கள் கேள்விகளில் முதலாவதுக்கு விடை சொன்னால் மற்றவற்றுக்கும் பாதி விடை கிடைத்துவிடும். ஆகவே அந்த நிலத்தின் அமைப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

மினசோட்டாவின் பெரும்பகுதியைக் கடைசிப் பனியூழியின் பனிப்பாறைகள் தேய்த்துச் சமன்செய்துவிட்டன. தென்கிழக்கு மினசோட்டா, தென்மேற்கு விஸ்கான்சின், வடகிழக்கு அயோவா, இல்லினாயின் வடமேற்கு முனை ஆகியவை சேர்ந்த ஒரு நிலப்பகுதி மட்டும் அந்தக் கடைசிச் சுற்றில் பனிக்கு அடியில் போகாமல் தப்பித்தது. அதை டிரிஃப்ட்லெஸ் பகுதி என்று அழைக்கிறார்கள். அங்கே நிலத்தை வடிவமைத்தது பனியன்று, நீர்தான். பனிப்பாறைகள் உருகி வந்த வெள்ளம் மிசிசிப்பியின் பள்ளத்தாக்கை ஆழமாக வெட்டியது. அதில் கலக்கும் சிற்றாறுகளும் அந்த ஆழத்திற்கு ஏற்பத் தங்கள் படுகைகளை அறுத்துக்கொண்டு கீழிறங்கின. மிசிசிப்பியின் கரையில் 500 அடிக்கும் மேல் எழுந்து நிற்கும் பாறைக்குன்றுகள் உண்மையில் மலைகள் அல்ல. பழைய மேட்டுநிலத்தின் வெட்டுமுகங்கள் அவை. மேலே ஏறிவிட்டால் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் சமவெளிதான் கண்ணுக்குத் தெரியும்.

சாலைகளும் இந்த அமைப்பின்படியே கிடக்கின்றன. நீங்கள் ஓட்டிப் பழகிய பகுதியில் சாலைகள் ஒரு மைலுக்கு ஒன்றாகக் கட்டம் போட்டதுபோல் நேராகச் செல்லும். ஃபில்மோர், ஹூஸ்டன் கவுண்டிகளில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அந்தக் கட்டம் சிதைந்துவிடுகிறது. ஒருவகைச் சாலை முகட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறி இறங்கிப் போகும். இன்னொரு வகை ஆற்றையோ ஓடையையோ ஒட்டி வளைந்து போகும். மூன்றாவது வகை, இவ்விரண்டையும் இணைக்கும் குறுகிய, செங்குத்தான சாலைகள். அவை பெரும்பாலும் ஒரு கிளைப் பள்ளத்தாக்கின் வழியே மரநிழலில் ஏறுபவை. லேன்ஸ்பரோ கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 அடியில் இருக்கிறது. மேட்டில் உள்ள ஹார்மனியும் ஃபௌண்டனும் 1,300 அடிக்கு மேல் இருக்கின்றன. அதாவது, ஆற்றிலிருந்து முகட்டுக்கு ஒருமுறை ஏறினால் சுமார் 400 அடி. இந்த 400 அடியை ஒரு நாளில் எத்தனை முறை ஏறப் போகிறீர்கள் என்பதுதான் அந்த நாளின் கடுமையைத் தீர்மானிக்கும். மைல் கணக்கு இரண்டாம்பட்சமே.

எனவே முகடா பள்ளத்தாக்கா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எத்தனை முறை இடம் மாறுகிறீர்கள் என்பதை மட்டும் கட்டுப்படுத்துங்கள். ஒருமுறை ஏறிவிட்டால் மேலேயே பத்துப் பதினைந்து மைல் ஓட்டுங்கள். அழகான ஒரு சாலை கீழே இறங்குகிறது என்பதற்காக உடனே இறங்கிவிடாதீர்கள். செயலிகள் தாமாக வரையும் வழிகளில் இந்தக் குறைதான் அதிகம்: மிகக் குறுகிய தூரத்தைத் தேடிப் பள்ளத்தாக்குகளைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும். அப்படி வரைந்த 60 மைல் வழியில் பத்து ஏற்றங்கள் வந்துவிட்டால் 4,000 அடி ஆகிவிடும். மலை ஏறிப் பழகாத நண்பருக்கு அது தண்டனை. நாளொன்றுக்கு 40 முதல் 45 மைல், நான்கைந்து பெரிய ஏற்றங்கள் என்று வைத்துக்கொண்டால் மாலையில் பேசிச் சிரிக்கவும் தெம்பு இருக்கும்.

அடுத்து, ரூட் ஆற்றுத் தடத்தைப் பற்றி. ஃபௌண்டனிலிருந்து ஹூஸ்டன் வரை 42 மைல் செல்லும் இந்த மாநிலத் தடம் பழைய இரயில் பாதையின் மேல் அமைந்தது. தார் போட்டது, சரளை அன்று. எனவே சரளை விரும்பிகள் இதைச் சற்று ஏளனமாகப் பார்ப்பதுண்டு. அந்த ஏளனம் தேவையில்லை என்பேன். இரயில் என்ஜின்களுக்காகச் சரிவு குறைத்துக் கட்டிய பாதை என்பதால், செங்குத்துக் குன்றுகளுக்கு நடுவே இவ்வளவு எளிதாகப் போகும் வழி வேறு கிடையாது. வேலன், பீட்டர்சன், ரஷ்ஃபோர்ட் ஆகிய சிற்றூர்களை இது இணைக்கிறது. உங்கள் வட்டம் ஒவ்வொன்றும் காலையில் முகட்டுக்கு ஏறி, சரளைச் சாலைகளில் சுற்றி, மாலையில் இந்தத் தடத்தின் ஏதாவது ஓர் ஊரில் வந்து இறங்குவதாக அமையட்டும். களைத்த கால்களுக்குக் கடைசிப் பத்து மைல் தட்டையாகக் கிடைக்கும். மலைப் பழக்கமில்லாத நண்பரும் விரும்பும்போது தடத்திலேயே போய் உங்களை அடுத்த ஊரில் சந்திக்கலாம்.

திசைகளைப் பொறுத்தவரை, முதல் நாளுக்கு நான் மேற்கே போகச் சொல்வேன். பிரஸ்டன் வழியாக ஃபாரஸ்ட்வில் மாநிலப் பூங்காவை நோக்கி முகட்டுச் சாலைகளில் செல்லுங்கள். இது சுண்ணாம்புக்கல் நிலம். மழைநீர் கல்லைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவதால், குகைகளும் நிலக்குழிகளும் ஊற்றுகளும் நிறைந்தது. அறுவடைக்குக் காத்திருக்கும் மக்காச்சோள வயலின் நடுவே வட்டமாக ஒரு மரக்கூட்டம் மட்டும் தனித்து நிற்பதைக் காண்பீர்கள். உழவர் உழாமல் விட்ட நிலக்குழி அது. ஃபில்மோர் கவுண்டியில் இப்படி ஆயிரக்கணக்கில் உண்டு. பூங்காவுக்குள் 13 மைலுக்கு மேல் நீளும் மிஸ்டரி குகை இருக்கிறது. ஃபாரஸ்ட்வில் ஊரே ஒரு வேடிக்கையான கதை: 1868இல் இரயில் பாதை அந்த ஊரைத் தொடாமல் வடக்கே போய்விட, வணிகம் நின்று ஊர் காலியாயிற்று. இன்று அதை மாநில வரலாற்றுச் சங்கம் பழைய நிலையிலேயே பாதுகாத்து வருகிறது. பூங்காவுக்குக் காரில் போனால்தான் அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும், மிதிவண்டிக்குத் தேவையில்லை.

இந்த மேற்குப் பகுதியின் சாலைகள் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியவந்ததற்கு அல்மான்சோ பந்தயமே பெரிதும் காரணம். 2007இல் தொடங்கிய அந்த 100 மைல் சரளைப் பந்தயம் நெடுங்காலம் ஸ்பிரிங் வேலியிலிருந்து புறப்பட்டது. கட்டணமே வாங்காமல் நடந்தது. இன்று பெருந்தொகை கட்டிச் சேரும் சரளைப் பந்தயங்களைப் பார்க்கும்போது அது இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

கற்பொடி (மறுமொழி)

முகடுவழி அவர்கள் சொன்ன நில அமைப்பும் ஏற்றங்களைக் கணக்கிடும் முறையும் மிகச் சரி. ஆனால் மாலையில் சரளைச் சாலையில் இறங்கித் தடத்தைச் சேர்வது என்ற யோசனையில் எனக்கு மாறுபாடு உண்டு. சமநிலத்தில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்தப் பகுதியில் உண்மையான ஆபத்து ஏற்றத்தில் இல்லை, இறக்கத்தில்தான் இருக்கிறது. ஏற முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். இறக்கத்தில் நிறுத்த முடியாவிட்டால் அதற்கு மாற்று வழி கிடையாது. ஆகவே சரளையில் ஏறி, தார்ச்சாலையில் இறங்குங்கள் என்பதே என் கருத்து. அங்கே முகட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் கவுண்டிச் சாலைகளில் தார் போட்டவை போதுமான அளவு இருக்கின்றன. வழி வரையும்போதே இதைக் கவனித்துக்கொள்ளலாம்.

சரளையில் இறங்கியே ஆக வேண்டிய இடங்களும் வரும். அங்கே போடப்படுவது உள்ளூர்ச் சுரங்கங்களில் உடைத்த சுண்ணாம்புக்கல், டோலமைட் கல். ஆற்றுக் கூழாங்கல் போல் உருண்டையாக இராது. விளிம்புகள் கூர்மையாக இருக்கும். வாகனங்கள் ஓடி ஓடிச் சக்கரத்தடம் இரண்டும் கெட்டியாகிவிடும். தளர்ந்த கற்கள் நடுவிலும் ஓரங்களிலும் மேடாகக் குவியும். இறங்கும்போது ஒரே சக்கரத்தடத்தில் இருங்கள். நடு மேட்டைக் கடந்து மற்ற தடத்துக்கு மாற வேண்டியிருந்தால், வேகம் குறைந்த இடத்தில் மாறுங்கள். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் முன் பிரேக்கைத் தொட்டால் முன்சக்கரம் சறுக்கும். கார்கள் பிரேக் பிடிக்கும் இடங்களில், அதாவது வளைவின் உட்புறத்திலும் சரிவின் அடியிலும், சாலை அலையலையாக வரி விழுந்திருக்கும். அதை முதன்முறை சந்திப்பவர் கைப்பிடியை இறுக்கிப் பிடிப்பார். உண்மையில் முழங்கையைத் தளர்த்தி, இருக்கையிலிருந்து சற்று எழுந்து, வண்டியை அதன் போக்கில் ஆட விட வேண்டும். ஏற்றத்தின் உச்சியில் எதிரே வருவது தெரியாது; நடுவில் பாதை நன்றாக இருக்கிறது என்பதற்காக அங்கே நடுவில் போகாதீர்கள்.

கியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். முன்னால் 40, பின்னால் 42 என்றால், நிமிடத்திற்கு 50 முறை மிதித்தால் வேகம் மணிக்கு நான்கு மைலுக்குச் சற்றுக் குறைவு. இணைப்புச் சாலைகள் சிலவற்றில் சரிவு 12 சதவீதத்தைத் தொடும். ஆளும் வண்டியும் சுமையுமாக 95 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தச் சரிவில் அந்த மெதுவான மிதிப்பைத் தக்கவைக்கவே ஏறத்தாழ 200 வாட் தேவைப்படும். ஒருமுறை முடியும், நாளின் நான்காவது ஏற்றத்தில் பலருக்கு முடியாது. தார்ச்சாலையில் எழுந்து நின்று மிதித்துச் சமாளிக்கலாம். தளர்ந்த சரளையில் எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மீதுள்ள எடை குறைந்து சக்கரம் சும்மா சுழலும். உட்கார்ந்தபடியே, உடலைச் சற்று முன்சாய்த்து ஏறுவதற்கு இன்னும் இலகுவான கியர் வேண்டும். முன்பக்கப் பல்சக்கரத்தை 36 பற்கள் கொண்டதாக மாற்றுவது செலவு குறைந்த வழி. குறைந்தது பழக்கமில்லாத நண்பரின் வண்டிக்காவது இதைச் செய்துவிடுங்கள்.

டயர் 40 மில்லிமீட்டர் போதும், 45 இருந்தால் நல்லது. காற்றழுத்தத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். ட்யூப் இல்லாத டயராக இருந்தால், 70 கிலோ எடையுள்ளவருக்கு 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை போதுமானது. ட்யூப் உள்ள டயரில் கூரிய கல் விளிம்பு ட்யூபைக் கடித்துவிடும் என்பதால் சற்றுக் கூடுதலாக வைக்க வேண்டும். அந்தக் கூடுதல் அழுத்தமே பிடிப்பைக் குறைத்துவிடும்.

செப்டம்பர் கடைசி என்றால் அறுவடை தொடங்கியிருக்கும். சாலையின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு வரும் அறுவடை இயந்திரத்தைக் கண்டால் ஓரமாக நின்று வழிவிடுங்கள். அதை ஓட்டும் உழவர் வேலையில் இருக்கிறார், நாம் விடுமுறையில் இருக்கிறோம். ஹார்மனி, கேன்டன் பக்கம், கார் வைத்துக்கொள்ளாமல் பழைய முறையில் வாழும் கிறித்தவச் சமூகத்தினரான ஆமிஷ் மக்களின் குதிரை வண்டிகள் வரும். பின்னாலிருந்து ஓசையின்றி நெருங்கினால் குதிரை மிரளும். தொலைவிலேயே குரல் கொடுத்து, இடைவெளி விட்டு, மெதுவாகக் கடக்க வேண்டும்.

சுரங்கவிளக்கு (மறுமொழி)

விஸ்கான்சின் பற்றி மட்டும் சொல்கிறேன். சரளைச் சாலைதான் நோக்கம் என்றால் அதற்காக ஆற்றைக் கடக்க வேண்டாம். நிலம் அங்கும் அதே நிலம்தான், குன்றுகள் அதே குன்றுகள்தான். ஆனால் பால் உற்பத்தியை நம்பி வளர்ந்த மாநிலம் அது. எல்லாப் பருவத்திலும் பண்ணைகளிலிருந்து பால் தடையின்றி வெளியே வந்தாக வேண்டும் என்பதால், மிகச் சிறிய கிராமச் சாலைகளுக்கும் வெகு காலத்திற்கு முன்பே தார் போட்டுவிட்டார்கள். மெல்லிய டயர் வைத்துத் தார்ச்சாலையில் ஓட்டுபவர்களுக்கு அது சொர்க்கம். உங்களுக்கு வேண்டியதோ மேற்குக் கரையில்தான் அதிகம்.

ஒரு விதிவிலக்கு எல்ராய்–ஸ்பார்ட்டா தடம். கைவிடப்பட்ட இரயில் பாதையை மிதிவண்டித் தடமாக மாற்றும் முயற்சியில் அமெரிக்காவிலேயே முன்னோடி என்று சொல்லப்படுவது இது, 1960களில் உருவானது. 32 மைல், பொடித்த சுண்ணாம்புக்கல் பரப்பு. முகட்டைத் துளைத்துச் செல்லும் மூன்று இரயில் சுரங்கங்கள் வழியாகப் போகிறது. நார்வாக்குக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் இடையிலுள்ள சுரங்கம் முக்கால் மைல் நீளம் இருக்கும். உள்ளே ஒளியே கிடையாது, கோடையிலும் குளிர்ந்திருக்கும், மேலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். வண்டியை ஓட்டக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். வண்டியில் பொருத்திய விளக்கைவிடக் கையில் பிடிக்கும் விளக்கோ தலையில் கட்டும் விளக்கோ பயன்படும், ஏனெனில் பார்க்க வேண்டியது காலடியைத்தான். குளிர்காலத்தில் சுரங்கங்களின் கதவுகளை மூடிவிடுவார்கள். செப்டம்பரில் அந்தத் தடை இல்லை. 16 வயதும் அதற்கு மேலும் ஆனோர் விஸ்கான்சின் மாநிலத் தட அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும்: ஒரு நாளுக்கு 5 டாலர், ஆண்டுக்கு 25 டாலர். லேன்ஸ்பரோவிலிருந்து ஸ்பார்ட்டாவுக்குக் காரில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும் என்பதால், இதை உங்கள் மூன்று நாளுக்குள் திணிப்பதைவிட இன்னொரு பயணமாக வைத்துக்கொள்வது நல்லது.

அப்படி வருவதாக இருந்தால் லா ஃபார்ஜ் அருகிலுள்ள கிக்கபூ பள்ளத்தாக்குக் காப்பகத்தையும் பாருங்கள். வெள்ளத்தடுப்பு அணை கட்டுவதாகச் சொல்லி அங்கிருந்த குடும்பங்களின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. 1975இல் அந்தப் பணி பாதியில் நின்றுபோயிற்று. அணைக்காகக் கட்டிய கான்கிரீட் கோபுரம் மட்டும் இன்னும் நிற்கிறது. சுமார் 8,600 ஏக்கர் கொண்ட அந்த நிலத்தை இன்று மாநில அரசும் பூர்வகுடிகளான ஹோ-சங்க் மக்களும் சேர்ந்து நிர்வகிக்கிறார்கள். மிதிவண்டிக்கான தடங்களும் உள்ளே உண்டு.

சமநிலத்தான்

மூவருக்கும் மிக்க நன்றி. விஸ்கான்சின் யோசனையை இப்போதைக்கு விட்டுவிடுகிறோம். 60 மைலை 42 ஆகக் குறைத்து, ஒவ்வொரு வட்டத்திலும் பெரிய ஏற்றம் ஐந்துக்கு மேல் போகாதபடி வரைந்துவிட்டேன். 36 பற்கள் கொண்ட முன்பக்கப் பல்சக்கரம் ஒன்றை நண்பரின் வண்டிக்கு வாங்கவிருக்கிறோம். இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. அயோவா எல்லை ஹார்மனிக்கு மிக அருகில் இருப்பதால் மூன்றாம் நாள் அங்கே எட்டிப் பார்க்கலாமா? அந்தப் பகுதியில் ஊற்றுகள் நிறைய இருப்பதாக எல்லோரும் சொல்கிறார்கள். வடிகட்டி எடுத்துப்போனால் வழியில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம் அல்லவா?

வடக்கு அயோவா (மறுமொழி)

தண்ணீரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: நிரப்பிக்கொள்ளாதீர்கள். முகடுவழி அவர்கள் சொன்ன அதே சுண்ணாம்புக்கல்தான் இதற்கும் காரணம். வேறு நிலங்களில் மழைநீர் மண்ணில் மெல்ல ஊறி வடிந்து நிலத்தடிக்குப் போகிறது. இங்கே நிலக்குழிகள் வழியாகவும் பாறை வெடிப்புகள் வழியாகவும் வயல்நீர் விரைவாகக் கீழே இறங்கி, மறுபக்கம் ஊற்றாக வந்துவிடுகிறது. பார்ப்பதற்குக் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும் அந்த ஊற்றில் மாட்டுப்பண்ணைக் கழிவின் கிருமிகளும் வயலுக்குப் போட்ட உரத்தின் நைட்ரேட்டும் கலந்திருக்கலாம். கையடக்க வடிகட்டி பெரும்பாலான கிருமிகளை நிறுத்தும், எல்லாவற்றையும் அன்று; கரைந்துள்ள நைட்ரேட்டை நிறுத்தாது. குடிநீரில் நைட்ரேட் அளவுக்கு மத்திய அரசு வைத்துள்ள வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம். தென்கிழக்கு மினசோட்டாவின் எட்டு கவுண்டிகளில் கிணற்று நீர் இந்த வரம்பை மீறுவது குறித்து 2023இல் மத்தியச் சுற்றுச்சூழல் முகமை மாநில அரசை எச்சரித்தது. ஃபில்மோரும் ஹூஸ்டனும் அந்த எட்டில் அடங்கும். ஒருமுறை குடித்தால் பெரியவர்களுக்கு நைட்ரேட்டால் ஒன்றும் ஆகிவிடாது, கிருமியால் ஆகலாம். ஊர்க் குழாயிலோ பூங்காவிலோ நிரப்பிக்கொண்டு, ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் எடுத்துச் செல்லுங்கள். முகட்டில் ஊருக்கும் ஊருக்கும் இடையே வெகுதூரம் கடையே இராது.

அயோவாவுக்கு வரலாம், தாராளமாக. வின்னெஷீக் கவுண்டியின் சரளைச் சாலைகள் மினசோட்டாவின் சாலைகளுக்குச் சற்றும் குறைந்தவையல்ல. பிளஃப்டன் என்ற சிற்றூரில் மேல் அயோவா ஆற்றின் கரையில் சுண்ணாம்புக்கல் சுவர் நேராக எழுந்து நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலே போதும், அந்த நாள் நிறைந்துவிடும். ஹார்மனி வரை சரளையில் ஏறிச் சலிப்பதற்குப் பதிலாக, பிரஸ்டனையும் ஹார்மனியையும் இணைக்கும் 18 மைல் தடத்தில் ஏறி வாருங்கள். அதன் வடபகுதி ஓடையோரமாகத் தட்டையாக வரும், தென்பகுதி முகட்டுக்கு ஏறும். லேன்ஸ்பரோவிலிருந்து மிதித்தே வந்து பிளஃப்டனையும் பார்த்துத் திரும்புவது 42 மைலுக்குள் அடங்காது. ஆகவே அன்று மட்டும் காரை ஹார்மனியில் நிறுத்திவிட்டுத் தொடங்குவதே அறிவு.

ஆனால் ஒரு விதியை மறந்துவிடாதீர்கள். அயோவாவில் சில சாலைகளுக்கு முகப்பில் 'லெவல் பி' என்ற பலகை வைத்து, உங்கள் பொறுப்பில் நுழையுங்கள் என்று எழுதியிருப்பார்கள். கவுண்டி குறைந்த பராமரிப்பு மட்டுமே செய்யும் மண்சாலைகள் அவை, சரளை கிடையாது. உலர்ந்திருந்தால் அவற்றைவிட இனிய சாலை இல்லை. மழை பெய்திருந்தால், அந்த மெல்லிய வண்டல் மண் டயரில் அப்பிக்கொண்டு, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் இடையே அடைத்து, சில அடிகளிலேயே சக்கரத்தை நிறுத்திவிடும். வலிந்து மிதித்தால் பின்பக்கக் கியர் மாற்றி முறிந்துபோகும். வண்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பதே அப்போது ஒரே வழி. வரைபடச் செயலிகள் இந்தச் சாலைகளையும் சாதாரணச் சரளைச் சாலைகளையும் பெரும்பாலும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே முந்திய இரண்டு நாள்களில் நல்ல மழை பெய்திருந்தால் பலகையைக் கண்ட இடத்திலேயே திரும்பிவிடுங்கள். மினசோட்டாவிலும் 'குறைந்த பராமரிப்புச் சாலை' என்ற பலகையோடு இப்படிப்பட்டவை உண்டு.

இலையுதிர்காலத்தில் மான் உண்ணிகள் மீண்டும் சுறுசுறுப்பாகும். இந்த மூன்று மாநிலங்களிலும் அவை லைம் நோயைப் பரப்புகின்றன. புல் உயர்ந்த ஓரங்களில் உட்கார்ந்து இளைப்பாறினால் மாலையில் கால்களையும் இடுப்பையும் கவனமாகப் பாருங்கள்.

முகடுவழி (மறுமொழி)

இறக்கத்தைப் பற்றிக் கற்பொடி அவர்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு திருத்தத்துடன். தார்ச்சாலையில் இறங்கினால் பாதுகாப்பு கூடும். ஆனால் அந்தக் கவுண்டிச் சாலைகளில்தான் வாகனங்களும் விரைந்து வருகின்றன, ஓரமும் குறுகலாக இருக்கிறது. வார நாளாக இருந்தால் தார், சனி ஞாயிறாக இருந்தால் சரிவு குறைந்த சரளை என்று நான் வகுத்துக்கொள்வேன். இலையின் நிறம் பார்க்கக் கார்கள் வந்து குவியும் பருவம் அது.

மழையைப் பற்றி இன்னும் சிறிது. செங்குத்தான சரிவுகளில் விழும் நீர் முழுவதும் குறுகிய பள்ளத்தாக்குகளுக்குள் வந்து சேர்வதால் இங்கே ஆறுகள் வெகு வேகமாக ஏறும். 2007 ஆகஸ்டில் ரூட் ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள ஹோக்காவில் 24 மணி நேரத்தில் 15.1 அங்குல மழை பெய்தது. மினசோட்டாவில் ஒருநாள் மழையின் உச்சப் பதிவு அதுவே. செப்டம்பர் இறுதியில் அப்படி நடக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை என்றாலும், இரவு கனமழை பெய்திருந்தால் காலையில் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் (யு.எஸ்.ஜி.எஸ்.) இணையதளத்தில் ரூட் ஆற்றின் நீர்மட்டத்தைப் பாருங்கள். ஓடையைத் தரைமட்டத்திலேயே கடக்கும் தாழ்வான பாலங்களை அன்று தவிர்த்துவிட்டு முகட்டிலேயே இருங்கள். முகட்டுச் சாலைகளில் நீர் இருபக்கமும் வடிந்துவிடும். ஓடையோரச் சாலைகள் ஒரு நாளாவது ஊறிக் கிடக்கும்.

கிளைப் பள்ளத்தாக்குகளில் தொலைபேசி அலை கிடைக்காத இடங்கள் பல. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு, பிரிந்து செல்லும் நண்பருடன் சந்திக்கும் ஊரையும் நேரத்தையும் காலையிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள். செப்டம்பர் இறுதியில் மாலை ஏழு மணிவாக்கில் சூரியன் மறையும். குன்றுகளின் மறைவில் ஆற்றோரம் அதற்கு வெகு முன்பே இருண்டு குளிர்ந்துவிடும். ஐந்து மணிக்குள் தடத்தில் இறங்கிவிடுவதாகத் திட்டமிட்டு, பின்விளக்கை இறங்கத் தொடங்கும் முன்பே எரியவிடுங்கள். இரண்டாம் நாள் கிழக்கே போகும்போது ரஷ்ஃபோர்டில் சந்திப்பது வசதி: அங்கிருந்து லேன்ஸ்பரோவுக்குத் தடத்தில் 18 மைல் அளவில் வரும், நடுவே பீட்டர்சனும் வேலனும் இருக்கின்றன.